மூன்றாவது சிலுவை

எருசலேம் நகரத்துக்கு வெளியே, கபாலஸ்தலம் என்று பெயர் பெற்ற இடத்தில், அன்று மூன்று சிலுவைகள் நின்றன. நடுச் சிலுவையில் இருந்தவரை உலகம் அறியும். அவருக்கு ஒரு பக்கத்தில் தொங்கியவனையும் ஓரளவு அறியும். 'நல்ல கள்ளன்' என்று அவனைக் கிறிஸ்தவர்கள் சொல்வார்கள். சாகும் தறுவாயில் அவன் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். தனக்குக் கிடைத்த தண்டனை நியாயம்தான் என்றான். ராஜ்யத்துக்குள் போகும்போது தன்னையும் நினைத்துக்கொள்ள வேண்டும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுக்கொண்டான். அன்றைக்கே பரதீசில் இடம் உண்டு என்று அவனுக்கு வாக்குக் கிடைத்தது. பின்னால் வந்த மரபு அவனுக்கு திஸ்மாஸ் என்று ஒரு பெயரும் வைத்து, புனிதர் வரிசையிலும் சேர்த்துவிட்டது.

மறு பக்கத்தில் இன்னொருவன் தொங்கினானே, அவன் என்ன ஆனான்?

லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் அவனுக்குக் கிடைத்திருப்பது ஒரே ஒரு பேச்சு. அதுவும் ஏளனப் பேச்சு. நீ கிறிஸ்துவானால் உன்னையும் காப்பாற்றிக்கொள், எங்களையும் காப்பாற்று என்ற பொருள்பட ஏதோ சொல்கிறான். கூட்டாளி அவனைக் கடிந்துகொள்கிறான். அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கதை எழுதுகிறவர்களுக்கு இந்த மௌனம் மிகவும் தொந்தரவு கொடுக்கும். ஒரு பாத்திரத்தை மேடையில் நிறுத்தி வைத்துவிட்டு, அவன் போன வழியைச் சொல்லாமலே திரையை இறக்குவதென்றால் எப்படி?

இன்னும் ஒரு சிக்கலும் இருக்கிறது. நல்ல கள்ளன் வாய் திறப்பதற்கு முன்பே, நடுவில் இருந்தவர் ஒரு பிரார்த்தனை செய்துவிட்டார். தம்மை ஆணியடித்தவர்களை மன்னிக்க வேண்டும் என்று பிதாவைக் கேட்டார். அப்போது யார் அவரிடம் மன்னிப்புக் கேட்டிருந்தார்கள்? ஒருவரும் இல்லை. சிப்பாய்கள் கீழே உட்கார்ந்து அவருடைய வஸ்திரத்துக்குச் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்காதவர்களுக்காக ஒரு பிரார்த்தனை. கேட்டவனுக்கு மட்டும் ஒரு வாக்குறுதி. இரண்டும் ஒரே அத்தியாயத்தில், சில வரிகள் இடைவெளியில் இருக்கின்றன. தவறு செய்தவன் மனம் வருந்தாவிட்டாலும் மன்னிப்பு உண்டா, இல்லையா? உண்டு என்றால் நீதி என்ன ஆவது? இல்லை என்றால் அந்தப் பிரார்த்தனை எதற்கு?

கிறிஸ்தவ உலகம் இந்தக் கேள்வியோடு நெடுங்காலமாக மல்லுக்கு நிற்கிறது. அதே லூக்கா சுவிசேஷத்தில் வேறொரு இடத்தில், உன் சகோதரன் குற்றம் செய்தால் கண்டித்துச் சொல், அவன் மனஸ்தாபப்பட்டால் மன்னித்துவிடு என்று போதனை வருகிறது. 'மனஸ்தாபப்பட்டால்' என்ற நிபந்தனை அங்கே தெளிவாக நிற்கிறது. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவைச் சேர்ந்த ஓரிஜென் என்ற பேரறிஞர், கடவுளின் அன்புக்கு எல்லை கிடையாதாகையால் கடைசியில் சகல ஆத்மாக்களும் அவரிடமே திரும்பிவிடும் என்று நம்பினார். திருச்சபை அதை ஏற்கவில்லை. அவர் இறந்து முந்நூறு வருஷத்துக்குப் பிறகு, கான்ஸ்டாண்டிநோபிள் மகாசபை கூடிய 553-ம் ஆண்டை ஒட்டி, அவர் பெயரால் வழங்கிய கொள்கைகள் கண்டனத்துக்கு உள்ளாயின. கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது, ஆனால் உள்ளே வருவதும் வராததும் அவரவர் கையில் என்ற கருத்தே நிலைத்தது.

உள்ளே வருவதற்குத் தமிழ் வேதாகமம் வைத்திருக்கும் பெயர் மனந்திரும்புதல். அழகான சொல். கால் வீட்டுக்குத் திரும்புவதுபோல் மனமும் திரும்ப வேண்டும். கெட்ட குமாரன் கதையில் தகப்பன் மகனைத் தூரத்தில் கண்டதுமே ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறான். மகன் தயார் செய்து வைத்திருந்த மன்னிப்புப் பேச்சை முழுவதும் கேட்கக்கூட அவனுக்குப் பொறுமை இல்லை. ஆனால் அந்த மகன் பன்றித் தொழுவத்திலேயே உட்கார்ந்திருந்தால்? தகப்பன் மன்னித்திருப்பான்தான். விருந்து நடந்திருக்காது.

இந்த வாதம் வேத பண்டிதர்களின் நூல்களுக்குள்ளேயே அடங்கியிருந்தால் நமக்கு அதில் அதிக அக்கறை ஏற்படாது. ஆனால் நம் காலத்தில் ஒரு தேசம் முழுவதும் இந்தக் கேள்வியைக் கொலை வழக்குகளோடு சேர்த்து எதிர்கொள்ள நேர்ந்தது. அந்தத் தேசம் தென்னாப்பிரிக்கா. அங்கே அடித்தவனும் கிறிஸ்தவன். பெரும்பாலும் அடிபட்டவனும் கிறிஸ்தவன். இருவரும் ஒரே வேத புஸ்தகத்தைக் கையில் வைத்திருந்தார்கள்.

1985-ம் ஆண்டு ஜூன் 27-ந் தேதி இரவு, க்ரடாக் என்ற சிறிய ஊரைச் சேர்ந்த நான்கு பேர் போர்ட் எலிஸபெத் நகரத்திலிருந்து காரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். மாத்யூ கோனிவே, ஃபோர்ட் கலாத்தா, ஸ்பாரோ ம்கோன்டோ, சிசெலோ ம்லாவுலி என்பது அவர்கள் பெயர். நிறவெறி ஆட்சியை எதிர்த்து மக்களைத் திரட்டியவர்கள். அவர்கள் வீடு வந்து சேரவில்லை. பாதுகாப்புப் போலீஸார் வழியில் மறித்துக் கொண்டுபோய்க் கொன்று, உடல்களையும் எரித்துப் போட்டிருந்தார்கள். ஜூலை 20-ந் தேதி நடந்த சவ அடக்கத்துக்குப் பெருங்கூட்டம் கூடியது. அன்றைக்கே ஜனாதிபதி பி. டபிள்யூ. போத்தா நாட்டின் பல ஜில்லாக்களில் நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்தார்.

போத்தாவைப் பற்றி இங்கே சிறிது சொல்ல வேண்டும். 1978-ல் பிரதம மந்திரி. 1984 முதல் 1989 வரை ஜனாதிபதி. விரலை ஆட்டி ஆட்டிப் பேசுவார். 'பெரிய முதலை' என்பது அவருடைய சொந்த ஜனங்களே அவருக்கு வைத்த பெயர். டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையின் அங்கத்தினர். வெள்ளையர் வேறு, கறுப்பர் வேறு என்று பிரித்து வைப்பதற்கு வேதத்திலேயே ஆதாரம் இருக்கிறது என்று பல வருஷம் போதித்த திருச்சபை அது.

அதே 1985-ம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், நூற்றைம்பதுக்கு மேற்பட்ட தென்னாப்பிரிக்கக் கிறிஸ்தவ அறிஞர்களும் குருமார்களும் கையெழுத்திட்டு ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். 'கைரோஸ்' அறிக்கை என்று அது பிரசித்தி பெற்றது. தெய்வ சங்கற்பம் கனிந்து வரும் வேளையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. சமாதானமாகப் போங்கள், ஒருவரையொருவர் மன்னியுங்கள் என்று உபதேசம் செய்துகொண்டிருந்த சபைகளை அந்த அறிக்கை கடுமையாகக் கண்டித்தது. கொடுமை செய்கிறவன் கொடுமையை நிறுத்தாமல், அதற்காக மனந்திரும்பாமல் இருக்கும்போது, அடிபடுகிறவனைப் பார்த்து மன்னித்துவிடு என்று சொல்வது பாவத்துக்கு உடந்தையாவதே என்பது அதன் வாதம். அறிக்கையை உருவாக்கும் பணியில் முன்னின்றவர்களில் ஒருவர் ஃபிராங்க் சிக்கானே என்ற கறுப்புப் பாதிரியார். அவரை நாம் மறுபடியும் சந்திக்கப் போகிறோம்.

எதிர்ப் பக்கத்தில், மன்னிப்பைப் பற்றி வேறு விதமாக எண்ணிய ஒருவரும் இருந்தார். கேப் டவுன் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு. 1984-ல் நோபல் சமாதானப் பரிசு பெற்றவர். அவர் சாதுவாக இருந்து மன்னித்தவர் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 1988-ல் தூக்குத் தண்டனை பெற்ற ஷார்ப்வில் அறுவருக்காகப் பரிந்து பேச அவர் போத்தாவிடம் போனார். பேச்சு முற்றி, இருவரும் சிறு பிள்ளைகளைப்போல் ஒருவர்மேல் ஒருவர் விரலை நீட்டிச் சண்டை போட்டுவிட்டார்கள் என்று டூட்டுவே பிற்பாடு சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். போத்தாவுக்கு உரியதைப் போத்தாவுக்குக் கொடுக்க வேண்டும்: அந்த வருஷக் கடைசியில் அந்த ஆறு பேரின் தூக்குத் தண்டனையை அவர் சிறைத் தண்டனையாகக் குறைத்தார்.

1990 நவம்பரில் ருஸ்டன்பர்க் என்ற ஊரில் எல்லாச் சபைகளின் பிரதிநிதிகளும் கூடினார்கள். டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த வில்லி யோங்கர் என்ற பேராசிரியர் பேச எழுந்தார். நிறவெறியினால் விளைந்த அநீதிக்குத் தம் பங்கையும், தம் திருச்சபையின் பங்கையும், தம் இனத்தாரின் பங்கையும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். சபையில் இருந்த டூட்டு எழுந்து அந்த மன்னிப்பை ஏற்றுக்கொண்டார். உடனே இரண்டு பக்கங்களிலிருந்தும் எதிர்ப்பு வந்தது. பதவியை விட்டு ஓய்விலிருந்த போத்தா, திருச்சபைத் தலைவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுத் தம் ஆட்சேபத்தைத் தெரிவித்தார். கறுப்பர்களிலோ சிலர் டூட்டுவைப் பார்த்து, எங்களுக்குப் பதிலாக மன்னிக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஒருவன் பட்ட அடியை இன்னொருவன் மன்னிக்க முடியுமா?

ஆட்சி மாறியது. 1994-ல் நெல்ஸன் மண்டேலா ஜனாதிபதியானார். மறு வருஷம் ஒரு சட்டம் வந்தது. அதன்படி உண்மையையும் ஒப்புரவையும் காண்பதற்கு ஒரு கமிஷன் அமைந்தது. டூட்டு அதற்குத் தலைவர். 1960 மார்ச்சு முதல் 1994 மே வரை அரசியல் நோக்கத்தோடு குற்றம் செய்தவர்கள், செய்ததை ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டால் அவர்களுக்குப் பொது மன்னிப்பு. பிறகு அவர்கள்மீது கிரிமினல் வழக்கும் கிடையாது. நஷ்டஈடு கேட்டுச் சிவில் வழக்கும் கிடையாது.

இந்தச் சட்டத்தில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 'வருந்துகிறேன்' என்று குற்றவாளி சொல்ல வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. உண்மையைச் சொன்னால் போதும். முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், மாட்டை அறுத்த கணக்கைச் சொல்வதுபோல் மனிதனைக் கொன்ற கணக்கைச் சொல்லிவிட்டு வெளியே நடந்து போகலாம்.

பேராயர் ஒருவர் தலைமை வகித்த கமிஷனில் இப்படியா என்று தோன்றும். ஆனால் சட்டம் வேறு எப்படி இருந்திருக்க முடியும்? மனஸ்தாபத்தை அளக்கும் படிக்கல் எந்த நியாயஸ்தலத்தில் இருக்கிறது? கண்ணீர் விட்டால் விடுதலை என்று சொன்னால் எல்லோரும் கண்ணீரோடு வருவார்கள். நிஜமாக அழுகிறவனைவிட நன்றாக நடிக்கிறவனுக்கே லாபம். மனத்துக்குள் நடப்பதைக் கடவுளுக்கு விட்டுவிட்டு, வாயால் சொல்லக்கூடிய உண்மையை மட்டும் சட்டம் கேட்டது. அதுவும் பலருக்குச் சொல்ல முடியாததாக இருந்தது. 7,112 பேர் மன்னிப்புக்கு மனுப் போட்டார்கள். மன்னிப்புப் பெற்றவர்கள் 849 பேர். 5,392 மனுக்கள் தள்ளுபடியாயின. அவற்றில் பல, அரசியலோடு சம்பந்தமில்லாத குற்றங்களுக்காகச் சிறையிலிருந்தவர்கள் போட்டவை.

எல்லோரும் இந்த ஏற்பாட்டுக்குத் தலையசைக்கவில்லை. 1977-ல் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்த ஸ்டீவ் பீக்கோவின் குடும்பத்தாரும், வேறு சில குடும்பத்தாரும், எங்கள் வழக்கைத் தொடுக்கும் உரிமையை நீங்கள் எப்படிப் பறிக்கலாம் என்று அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1996 ஜூலை 25-ந் தேதி தீர்ப்பு வந்தது. எழுதியவர் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த நீதிபதி இஸ்மாயில் மகமது. அந்தக் குடும்பங்களின் வேதனையை முழுவதும் ஒப்புக்கொண்டே, மன்னிப்பு என்ற தூண்டுதல் இல்லாவிட்டால் உண்மை வெளியே வராது என்று சொல்லி மனுவைத் தள்ளினார். ஆயினும் பீக்கோ குடும்பத்துக்கு ஒரு விதத்தில் நியாயம் கிடைத்தது. பீக்கோவைக் காவலில் வைத்திருந்த போலீஸார் கமிஷன் முன்னால் வந்தபோது, ஏதோ கைகலப்பில் தலை சுவரில் மோதிவிட்டது என்று சாதித்தார்கள். குற்றமே செய்யவில்லை என்கிறவனுக்கு எந்தக் குற்றத்தை மன்னிப்பது? 1999-ல் அவர்களுடைய மனுக்கள் நிராகரிக்கப்பட்டன.

கமிஷனின் முதல் விசாரணை 1996 ஏப்ரல் 15-ந் தேதி ஈஸ்ட் லண்டன் நகர மண்டபத்தில் தொடங்கியது. டூட்டு ஊதா அங்கியோடு வந்து உட்கார்ந்து, பிரார்த்தனை செய்து ஆரம்பித்தார். க்ரடாக் நால்வரின் விதவைகள் சாட்சி சொன்னார்கள். கலாத்தாவின் மனைவி பேசிக்கொண்டே வந்தவர், இடையில் தலையைப் பின்னால் சாய்த்துப் பெருங்குரலெடுத்து ஓலமிட்டார். அந்த ஓலம்தான் கமிஷனின் உண்மையான தொடக்கம் என்று பின்னால் பலர் எழுதினார்கள். அதே விசாரணையில், சித்திரவதையால் உடல் முடமாகிச் சக்கர நாற்காலியில் வந்த ஒரு முதியவர் பேச முடியாமல் கையால் முகத்தை மூடிக்கொண்டார். தலைவராக இருந்த டூட்டுவும் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதுவிட்டார்.

அந்த நாட்களில் ம்லாவுலியின் இளம் மகளும் சாட்சி சொன்னாள். எங்களுக்கு மன்னிக்க விருப்பம்தான்; ஆனால் யாரை மன்னிப்பது என்று தெரியவில்லையே என்ற பொருளில் அவள் பேசினாள். வேத பண்டிதர்கள் பல நூற்றாண்டாகச் செய்த வாதத்தை அந்தப் பெண் ஒரு நொடியில் தரைக்குக் கொண்டுவந்துவிட்டாள். மன்னிப்பதற்கு ஒரு முகம் வேண்டும். எதிரில் ஒருவன் வந்து, 'நான்தான் செய்தேன்' என்று சொல்ல வேண்டும். அவன் வருந்தாமலே சொன்னால்கூட, மன்னிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமையாவது அவளுக்குக் கிடைக்கும்.

இப்போது போத்தாவிடம் வருவோம். கமிஷன் அவரை வரச் சொல்லிக் கேட்டது. டூட்டு அவருடைய ஊருக்கே நேரில் போய்ப் பார்த்தார். கேள்விகளை எழுதி அனுப்புகிறோம், பதிலை எழுதிக் கொடுங்கள் என்ற அளவுக்கு இறங்கினார். கடைசியில் சம்மன் போயிற்று. கமிஷனைச் 'சர்க்கஸ்' என்று ஏளனம் செய்த போத்தா வர மறுத்தார். அதன் பேரில் 1998-ல் ஜார்ஜ் என்ற ஊரில் அவர்மீது வழக்கு நடந்தது. முன்னாள் ஜனாதிபதி குற்றவாளிக் கட்சியில் உட்கார்ந்திருந்தார். மேலே மாஜிஸ்திரேட் ஸ்தானத்தில் இருந்தவர் ஒரு கறுப்பர்.

டூட்டு சாட்சி சொல்ல வந்தார். சொல்ல வேண்டியதைச் சொன்னபின் போத்தாவின் பக்கம் திரும்பினார். உங்கள் ஆட்சியின் கொள்கைகள் ஜனங்களுக்கு வேதனை கொடுத்துவிட்டன. நீங்கள் வேண்டுமென்று செய்ததாகக்கூடச் சொல்ல வேண்டாம். அதற்காக வருந்துகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று மன்றாடினார். பேராயர் கைகட்டி நிற்கிறார். குற்றம் சாட்டப்பட்டவர் முறைத்துப் பார்க்கிறார். நாவலில் இப்படி எழுதினால் மிகைப்படுத்திவிட்டார் என்று வாசகர்கள் குறை சொல்வார்கள். போத்தா அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை.

அந்த ஆகஸ்டு மாதம் மாஜிஸ்திரேட் அவருக்குப் பத்தாயிரம் ராண்டு அபராதம் விதித்தார். கூடவே, நிறுத்தி வைக்கப்பட்ட ஒரு வருஷச் சிறைத் தண்டனையும் உண்டு. மறு வருஷம் அப்பீலில், சம்மன் பிறப்பித்ததில் சட்டக் குறை இருக்கிறது என்று அதுவும் ரத்தாயிற்று. அரசாங்கப் பாதுகாப்புச் சபைக்குத் தலைமை வகித்தவர் என்ற முறையில் பெருங்கொடுமைகளுக்குப் போத்தா பொறுப்பாளி என்று கமிஷனின் அறிக்கை எழுதி வைத்தது. அவ்வளவுதான். அவர் கடற்கரையில் இருந்த தம் வீட்டுக்குத் திரும்பினார்.

2006-ம் ஆண்டு இந்தக் கதையில் இரண்டு சம்பவங்கள் நடந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள், ஏட்ரியான் ஃப்ளோக் என்ற வயோதிகர் பிரிடோரியாவில் ஜனாதிபதியின் காரியாலயத்துக்குப் போனார். போத்தாவின் மந்திரி சபையில் சட்டம் ஒழுங்கு இலாகாவை வகித்தவர் அவர். திருச்சபைகளின் கவுன்ஸில் இருந்த கட்டடத்தை 1988-ல் வெடி வைத்துத் தகர்த்ததற்குக் கமிஷன் முன்னால் பொறுப்பேற்று, போத்தாவின் உத்தரவுப்படியே அது நடந்தது என்று சாட்சியும் சொல்லி, மன்னிப்புப் பெற்றிருந்தார். அவர் பார்க்கப் போனது ஃபிராங்க் சிக்கானேயை. கைரோஸ் அறிக்கைக்கு முன்னின்ற அதே பாதிரியார் இப்போது ஜனாதிபதி காரியாலயத்தின் தலைமை அதிகாரி. 1989-ல், சிக்கானே திருச்சபைகளின் கவுன்ஸிலுக்குப் பொதுக் காரியதரிசியாக இருந்தபோது, போலீஸார் அவருடைய துணிமணிகளில் விஷம் தடவி வைத்தார்கள். அமெரிக்காவில் மருத்துவர்கள் காரணத்தைக் கண்டுபிடித்திராவிட்டால் அவர் பிழைத்திருக்க மாட்டார்.

ஃப்ளோக் மன்னிப்புக் கேட்டார். பிறகு, கொண்டுவந்திருந்த பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து, மண்டியிட்டுச் சிக்கானேயின் கால்களைக் கழுவினார். பெரிய வியாழக்கிழமை இரவில் சீஷர்களின் கால்களைக் குரு கழுவிய கதையை அறிந்தவர்களுக்கு அதன் பொருள் சொல்ல வேண்டியதில்லை. இது நாடகம் என்று ஏசியவர்களும் உண்டு. ஆனால் ஃப்ளோக் அதோடு நிற்கவில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த கறுப்புத் தாய்மார்களிடமும் போய்க் கால் கழுவினார். மறு வருஷம் விஷம் வைத்த வழக்கில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நிறுத்தி வைக்கப்பட்ட பத்து வருஷத் தண்டனை பெற்றார். 2023-ல் இறக்கும் வரையில் ஏழைகளுக்கு உணவு கொண்டுபோய்க் கொடுத்துவந்தார்.

சிக்கானேயின் காரியாலயத்தில் அன்று நடந்தது கைரோஸ் அறிக்கைக்கு முரணாக இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மனந்திரும்பியவன் வந்தான், ஒப்புரவு உண்டாயிற்று. நல்ல கள்ளனின் கதை அது.

இரண்டாவது சம்பவம் அக்டோபர் 31-ந் தேதி நடந்தது. போத்தா தம் தொண்ணூறாவது வயதில் வீட்டில் காலமானார். கடைசி வரையில் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. சவ அடக்கத்துக்கு ஜனாதிபதி தாபோ எம்பெக்கி தம் மனைவியோடு வந்திருந்தார். எம்பெக்கியின் தகப்பனார் கோவன் எம்பெக்கி இருபது வருஷத்துக்கு மேல் ராபன் தீவில் கைதியாக இருந்தவர். போத்தாவின் ஆட்சிக் காலத்தில், 1982-ல், எம்பெக்கியின் தம்பி ஒருவர் காணாமலே போனார். அப்படிப்பட்ட குடும்பத்து மனிதர், வருந்தாமல் இறந்தவரின் பெட்டிக்கு முன்னால் மரியாதையாக நின்றார்.

இங்கேதான் நம் மனத்தில் பழைய கேள்வி எழுகிறது. இவருக்கு என்ன தண்டனை கிடைத்தது? தொண்ணூறு வயது, கடற்கரை வீடு, சவ அடக்கத்துக்கு ஜனாதிபதி. துன்மார்க்கர் செழித்திருப்பது ஏன் என்று சங்கீதக்காரனே மனம் கசந்து கேட்டிருக்கிறானே!

டூட்டு 1999-ல் எழுதிய நூலில் இதற்கு ஒரு பதில் சொல்ல முயன்றிருக்கிறார். குற்றவாளி வருந்தினால்தான் மன்னிப்பேன் என்று காத்திருந்தால், அடிபட்டவன் அடித்தவனுடைய மனம் போன போக்குக்கு என்றென்றும் கட்டுப்பட்டவனாகிவிடுகிறான் என்பது அவர் கருத்து. அடித்தவன் வருந்தாமலே செத்துப் போனால், அடிபட்டவனின் விடுதலையும் அவனோடு குழிக்குள் போய்விடுமா? ஆகவே அவர் மன்னிப்பைக் கேட்பாரில்லாமலே கொடுக்கச் சொல்கிறார். அதே சமயம், அந்தப் பரிசை ஏற்றுக்கொள்ள வேண்டுமானால் குற்றவாளி குற்றத்தை ஒப்புக்கொண்டுதான் தீர வேண்டும் என்றும் சொல்கிறார்.

இந்தப் பதிலில் பாதி எல்லோருக்கும் விளங்கும். மற்றப் பாதி விசுவாசத்தைச் சேர்ந்தது. பழிவாங்குவதைக் கடவுளுக்கு விட்டுவிடு என்று பவுல் ரோமாபுரிச் சபைக்கு எழுதினார். கடைசி நியாயத் தீர்ப்பில், இந்தச் சிறியவர்களில் ஒருவனுக்கு நீ என்ன செய்தாய் என்றுதான் கேட்கப்படும் என்று மத்தேயு சுவிசேஷம் சொல்கிறது. க்ரடாக் விதவைகள் வளர்ந்தது இந்த நம்பிக்கையில். இப்படிப்பட்டவர்கள் மன்னிக்கும்போது கடன் பத்திரத்தைக் கிழித்து எறிந்துவிடுவதில்லை; தங்களைவிட நேர்மையான ஒருவரிடம் அதை ஒப்படைத்துவிடுகிறார்கள். மேலே ஒரு நீதி இருக்கிறது என்று நம்புவதால்தான் கீழே கத்தியைக் கீழே வைக்க முடிகிறது. தெய்வ நீதியும் மன்னிப்பும் ஒன்றுக்கொன்று விரோதம் என்று தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தோன்றலாம். அந்த மண்டபங்களில் சாட்சி சொன்னவர்களில் பலருக்கு முதலாவதை நம்பாமல் இரண்டாவதைச் செய்திருக்கவே முடியாது.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்குகிறது. அந்தப் பத்திரம் அடிபட்டவனுடையது. அதை ஒப்படைக்கவும் ஒப்படைக்காமல் வைத்துக்கொள்ளவும் அவன் ஒருவனுக்கே உரிமை. பேராயர் மன்றாடலாம், அரசாங்கம் வேண்டிக்கொள்ளலாம், உத்தரவு போட முடியாது. பீக்கோ குடும்பத்தார் மன்னிக்க மறுத்து நீதிமன்றத்துக்குப் போனது விசுவாசக் குறைவு ஆகாது. தெய்வ நீதியைச் சாக்காகச் சொல்லி மனித நீதி தன் வேலையிலிருந்து நழுவிக்கொள்ளவும் கூடாது. ஆனால் தென்னாப்பிரிக்காவில் அது நழுவத்தான் செய்தது. க்ரடாக் கொலைகளுக்காக மனுப் போட்ட ஆறு போலீஸாருக்கு, முழு உண்மையைச் சொல்லவில்லை என்ற காரணத்தால் 1999 டிசம்பரில் மன்னிப்பு மறுக்கப்பட்டது. மன்னிப்பு இல்லையென்றால் வழக்கு என்பதுதான் சட்டத்தின் ஒப்பந்தம். வழக்கு நடக்கவில்லை. குடும்பத்தார் ஓயாமல் போராடியதன் பேரில் 2025 ஜூன் மாதத்தில் மரண விசாரணை மீண்டும் தொடங்கியது. அதற்குள் அந்த ஆறு பேரும் ஒருவர்பின் ஒருவராக இறந்து போயிருந்தார்கள். தகப்பன் இறந்தபோது சிறு பிள்ளைகளாக இருந்தவர்கள் தலை நரைத்து வந்து நீதிமன்றத்தில் உட்கார்ந்தார்கள்.

மனந்திரும்பாதவனுக்கு மறுமையில் என்ன கிடைக்கும் என்று சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை. லூக்காவே சொல்லவில்லை. ஆனால் இம்மையில் அவனுக்கு என்ன கிடைக்காமல் போகிறது என்பதைப் பார்க்க முடிகிறது. ஃப்ளோக்குக்கும் போத்தாவுக்கும் ஒரே அழைப்புத்தான் வந்தது. ஃப்ளோக் மண்டியிட்டார், எழுந்தபோது அவரால் பயமில்லாமல் கறுப்பர் வீடுகளுக்குள் போய்வர முடிந்தது. போத்தாவிடம் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. அதற்குப் பிறகு எட்டு வருஷம் உயிரோடிருந்தார். அதில் எந்த நாள் வேண்டுமானாலும் அதைச் சொல்லியிருக்கலாம். கேட்டவர்கள் வாசலை மூடிவிட்டுப் போகவில்லை.

மூன்றாவது சிலுவையில் தொங்கியவனுக்கும் நடுச் சிலுவை எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. நல்ல கள்ளனுக்குக் கேட்ட குரல் அவன் காதிலும் விழுந்திருக்கும். கேட்காதவர்களுக்காக நடந்த அந்தப் பிரார்த்தனையில் அவனுக்கும் ஒரு பங்கு இருந்திருக்க வேண்டும். அதைப் பெற்றுக்கொள்ள அன்று சாயங்காலம் வரையில் அவனுக்கு அவகாசமும் இருந்தது.